என் வேலை செய்யவில்லை

ஆங்கில 'என்'தான் முதலில் செத்தது.
அதற்கு முந்தைய வாரமே இடது கீல் விட்டுப்போய்
திரையை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்திருந்தேன்.
அது பரவாயில்லை, டப்பா நிமிர்ந்து நிற்கும்.
ஆனால் இன்வாய்ஸ் என்று அடித்தால்
இவாய்ஸ்.
காசிமேட்டு ஐஸ் கம்பெனிக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள் நான்,
ஒரு நாளைக்கு எத்தனை இன்வாய்ஸ்.
பழைய பில் ஒன்றிலிருந்து ஓர் என்னை எடுத்து
வேண்டிய இடத்திலெல்லாம்
என்னையே ஒட்டிக்கொண்டிருந்தேன்,
பதினோரு நாள்.

சர்வீஸ் சென்டர் பையன் ஏசிக்குள்ளிருந்து சொன்னான்:
"இந்த மாடலுக்கு பார்ட்ஸ் வர்றதில்ல மேடம்,
புதுசா பாத்துடுங்க."
புதுசின் விலை என் நாலு மாதம்.
மேடம் என்றதற்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பர்மா பஜாரில் செல்போன் கண்ணாடி தவிர
வேறெதுவும் தெரியாது என்றார்கள்.
மூர் மார்க்கெட்டில் முனீர் பாய்
அட்டைப்பெட்டிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவி
ஒன்றை எடுத்தார். அதே கறுப்பு, அதே அகலம்.
புரட்டிப் பார்த்தார்.
"உன்துல ரிப்பன் லெப்டா, ரைட்டா?"
தெரியாது.
"கயட்டாம வந்து இன்னாத்த கேக்குற?"

அன்றிரவு மகள் தூங்கியபின் கழற்றினேன்.
இட்லித் தட்டின் குழிகளில்
எடுத்த இடத்துக்கு ஏற்பத் திருகாணிகள்:
நீளமானவை மேல் தட்டில், ஓரத்துக் குட்டைகள் கீழ்த் தட்டில்.
மொத்தம் பதினாலு. இரண்டில் துரு.
ராயபுரத்தில் கடல் எதைத்தான் விட்டுவைக்கிறது,
ஜன்னல் கம்பியைத் தின்று முடித்து
இதற்குள்ளும் வந்திருந்தது.
விசிறியில் எங்கள் வீட்டுத் தலைமுடி,
ஒரு காய்ந்த எறும்பு,
எத்தனையோ தாளிப்புகளின் பிசுக்கு.
ரிப்பன் வலது பக்கம்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்: வலது.

முனீர் பாயிடம் இருந்தது இடது.

"வியாசர்பாடில ஒரு கோடவுன் கீது.
எடைக்குத்தான் தருவான், முழுசா தூக்கினு வந்துடு.
கீலும் சேத்து கெடைக்கும்."

பதினேழாவதை இழுத்தபோது
அடியிலிருந்த எண்கள் பொருந்தின.
மீன் தராசு மாதிரியே தராசு. ரெண்டே கால் கிலோ.
திரை உடைந்தது, பேட்டரி உப்பியது.
அந்தக் காசுக்கு அரை கிலோ வஞ்சிரம்கூட வராது.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
டேங்கர் வண்டியொன்று நடுத்தண்டவாளத்தில் நின்று யோசித்தது.
ஷேர் ஆட்டோவில் மடிமேல் கவிழ்த்துப் பார்த்தேன்.
காம்பஸ் முனையால் கீறியிருந்தது:
எஸ். மின்னொளி, பன்னிரண்டு சி.
இங்கிலீஷில் எழுதினால் பெயருக்குள் ரெண்டு என்.
விற்றாளா, திருடு போனதா,
வீட்டில் யாராவது அடகு வைத்து மூழ்கியதா.
வண்டி நகர்ந்தபோது டேங்கர்களை எண்ணினேன்.
நாற்பத்தொன்றில் முடிந்தது. கேட் தூக்கினார்கள்.

கீலை மாற்ற ஒன்றரை மணி நேரம்.
ரிப்பனைச் செருகும் முன்
கொக்கியை நிமிர்த்த வேண்டும் என்பது
நகம் உடைந்த பிறகுதான் தெரிந்தது.

அவள் விசைப்பலகையில் மற்றதெல்லாம் புதுசுபோல இருக்க
'என்' மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.
எழுத்தில் ஒரு கால்தான் பாக்கி.
அழுத்தினேன். வந்தது.
விரலை எடுக்கவில்லை.
ஒரு வரி நிறைந்து அடுத்த வரிக்குப் போனது,
அதற்கும் அடுத்த வரிக்கு.
யாருடைய என் என்று திரை கேட்கவில்லை.

அழித்துவிட்டு உட்கார்ந்தேன்.
இருபத்தாறு இன்வாய்ஸ் பாக்கி.

காலையில் மாவு ஊற்றப் போன மகள் கத்தினாள்:
"ம்மா, இட்லித் தட்டுல இன்னா இது?"
கீழ்த் தட்டு, இரண்டாம் குழி,
ஒரு குட்டைத் திருகாணி.
எங்கிருந்து எடுத்தது என்று
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.
துடைத்து, மிளகாய்த்தூள் டப்பா மூடிமேல் வைத்தேன்.
டப்பாவுக்கு இனி வேறு வேலை இல்லை.